சோம்பேறிப் பாத்தியா?

வெயில் குறைவு. குளிர் அதிகம். வருஷம் முழுவதும் மழை. இப்படிப்பட்ட ஊரில் தோட்டம் போட்டால் பிழைக்குமா?

பிழைக்கும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலும், அயர்லாந்தின் மேற்குக் கரையிலும் ஏழைக் குடியானவர்கள் அதைப் பல தலைமுறைகளாகச் செய்து காட்டினார்கள். பாறையின் மீதும் சேற்றின் மீதும் பயிர் வைத்துப் பிள்ளைகளை வளர்த்தார்கள். அவர்களுடைய பாத்திக்கு வெளியார் வைத்த பெயர் என்ன தெரியுமா? "சோம்பேறிப் பாத்தி"! இங்கிலீஷில் "லேசி பெட்" என்பார்கள்.

இதைவிட அநியாயமான பெயர் விவசாய உலகத்தில் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

தண்ணீரே பகை

தண்ணீருக்கு ஏங்கும் ஊர்க்காரர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அந்த நாட்டில் செடிக்கு முதல் பகை தண்ணீர்தான்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இன்வர்யூ என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஆண்டுக்குச் சுமார் 60 அங்குலம் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைவிட இது கொஞ்சம்தான் அதிகம். ஆனால் சென்னை மழை சில மாதங்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். பிறகு வெயில் வந்து பூமியைக் காய வைக்கும். அங்கே மழை எல்லா மாதமும் தூறிக்கொண்டே இருக்கும். காய வைக்க வெயில் கிடையாது.

தண்ணீர் தேங்கிய மண்ணில் காற்று இருக்காது. காற்று இல்லாவிட்டால் வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. ஈர மண் சீக்கிரம் சூடு ஏறாது. குளிர்காலம் போன பிறகும் பூமி சில்லென்றே கிடக்கும். விதை முளைக்காது. அங்கே கோடைகாலமோ குறுகியது. இரண்டு வாரம் பிந்தினால் அறுவடையே போய்விடலாம்.

ஆகவே தண்ணீர் கொண்டுவர வாய்க்கால் வெட்டுவது அங்கே வேலை இல்லை. தண்ணீரை வெளியேற்ற வாய்க்கால் வெட்டுவதுதான் வேலை.

பாத்தி போட்ட விதம்

குடியானவர்கள் புல் முளைத்த தரையை உழவில்லை. அதன் மேலேயே எருவைப் பரப்பினார்கள். கடலோரத்தில் இருந்தவர்கள் கடல் பாசியைக் கொண்டுவந்து போட்டார்கள். அதன்மேல் உருளைக்கிழங்கு விதையை வரிசையாக வைத்தார்கள். பிறகு இரண்டு பக்கமும் மண்வெட்டியால் பள்ளம் தோண்டினார்கள். தோண்டிய மண்ணைப் புல்லோடு பெயர்த்து விதையின் மேல் கவிழ்த்து மூடினார்கள்.

இப்போது பாருங்கள். நடுவில் மேடு. இரண்டு பக்கமும் பள்ளம். மழைத் தண்ணீர் பள்ளத்தில் இறங்கி ஓடிவிடும். மேட்டு மண் உலர்ந்து, சீக்கிரம் சூடு ஏறும். கவிழ்த்த புல் மக்கி உரமாகும். கடல் பாசியில் உருளைக்கிழங்குக்கு வேண்டிய சாம்பல் சத்து இருக்கிறது. ஒரே வேலையில் வடிகால், எரு, பாத்தி மூன்றும் முடிந்தன. காசு செலவு கிடையாது.

பாத்திக்கு அடியில் இருந்த தரையை உழாமல் விட்டார்கள் அல்லவா? அதைப் பார்த்துத்தான் "சோம்பேறி" என்று சொன்னார்கள். அந்தக் கடல் பாசி ஈரத்தோடு எவ்வளவு கனக்கும் என்று சொன்னவர்களுக்குத் தெரியாது. அதைக் கூடையில் நிரப்பி, முதுகில் சுமந்து மேடு ஏறியவர்களில் பெண்கள் பலர்.

ஹாரிஸ் தீவின் கதை

ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஹாரிஸ் என்று ஒரு தீவு. அதன் மேற்குப் பக்கம் நல்ல மணல் பூமி. கிழக்குப் பக்கம் வெறும் பாறை. 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆட்டுப் பண்ணை வைப்பதற்காக மேற்குப் பக்கத்துக் குடிகள் வெளியேற்றப்பட்டார்கள். பலர் கிழக்குப் பாறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே இறந்தவர்களைப் புதைக்கக்கூடப் போதிய ஆழத்துக்கு மண் இல்லை. சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மலையைக் கடந்து, மேற்குப் பக்கத்துக்கே போய் அடக்கம் செய்தார்கள். அந்தப் பாதைக்குச் "சவப்பெட்டிப் பாதை" என்றே இன்றும் பெயர்.

பிணத்தைப் புதைக்க மண் இல்லாத இடத்தில் உயிரோடு இருப்பவர்களுக்குச் சோறு எப்படி? அவர்கள் பாறை இடுக்கில் கடல் பாசியையும் சதுப்பு மண்ணையும் குவித்தார்கள். மண்ணையே உண்டாக்கினார்கள். அதில் உருளைக்கிழங்கு விளைந்தது. இவர்களா சோம்பேறிகள்?

கறுத்த இலை

ஆனால் குளிரும் ஈரமும் சேர்ந்த இடம் இன்னொரு உயிருக்கும் மிகவும் பிடித்த இடம். அது உருளைக்கிழங்கு இலையைக் கருக்கும் நோய்க் கிருமி. காற்றில் பரவும். இலை கறுக்கும். கிழங்கு பூமிக்குள்ளேயே அழுகும்.

இந்த நோய் 1845-ம் ஆண்டு அயர்லாந்துக்கு வந்தது. மறு வருஷம் ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் பயிர் அழிந்தது. அயர்லாந்தில் அப்போது 80 லட்சத்துக்கு மேல் ஜனங்கள். அவர்களில் சுமார் 30 லட்சம் பேர் அநேகமாக உருளைக்கிழங்கையே நம்பி இருந்தார்கள். பஞ்சத்திலும் நோயிலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். குறைந்தது இன்னும் 10 லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள்.

இதற்குப் பாத்தியைக் குறை சொல்ல முடியுமா? ஒரே பயிரை, அதிலும் பெரும்பாலும் ஒரே ரகத்தை நம்ப வேண்டிய நிலை குடியானவர்களுக்கு ஏன் வந்தது? நல்ல நிலம் அவர்கள் கையில் இல்லை. துண்டு நிலத்தில் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்ப வேறு பயிரால் முடியவில்லை. பஞ்ச காலத்திலும் அயர்லாந்திலிருந்து தானியம் ஏற்றுமதி ஆகிக்கொண்டுதான் இருந்தது!

பஞ்ச நிவாரணத்தை லண்டன் கஜானா இலாகாவிலிருந்து நடத்தியவர் சார்லஸ் டிரெவெல்யன். 1848-ம் ஆண்டு அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். உருளைக்கிழங்கு வாழ்க்கை ஐரிஷ் மக்களின் உழைப்பைக் கெடுத்துவிட்டது என்ற கருத்து அதில் இருந்தது. அதே டிரெவெல்யன் 1859-ம் ஆண்டு சென்னைக்குக் கவர்னராக வந்தார். சென்னையில் "பீப்பிள்ஸ் பார்க்" என்ற பூங்கா அவருடைய முயற்சியால் ஏற்பட்டது. பார்க் டவுன் என்ற பெயருக்கு அந்தப் பூங்காதான் காரணம். மக்களுக்குப் பூங்கா கொடுத்த அதே மனிதர், பாத்தி போட்டவர்களின் உழைப்பைக் குறைவாக எடை போட்டார்.

அந்த நோய்க்கு மருந்து பல வருஷங்கள் கழித்துத்தான் கிடைத்தது. 1880-களில் பிரான்சில், திராட்சைத் தோட்டத்துக்காகக் கண்டுபிடித்தார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவைதான் அது. நம் ஊர் விவசாயிகளும் அறிந்த மருந்து.

காற்றுக்கு வேலி

ஈரத்துக்கு அடுத்த பகை காற்று. கடல் காற்று உப்பை வாரி இறைக்கும். செடியைச் சாய்க்கும். மரங்களே அரிதான ஷெட்லாந்து தீவுகளில் சிறிய கல் சுவர் வளையம் கட்டி, அதற்குள் "கேல்" கீரை நாற்று வளர்த்தார்கள். கேல் என்பது முட்டைக்கோசின் உறவு. தலை கட்டாது. குளிரைத் தாங்கும்.

முதலில் சொன்ன இன்வர்யூவில் 1862-ம் ஆண்டு ஆஸ்குட் மெக்கன்சி என்ற 20 வயது நிலச்சுவான்தார் தோட்டம் போட முனைந்தார். அந்த இடம் மாஸ்கோவையும்விட வடக்கே இருக்கிறது. வெறும் பாறைமுனை. அவர் முதலில் பூச்செடி வைக்கவில்லை. பைன் மரங்களை வேலிபோல் நட்டார். அவை வளரப் பதினைந்து, இருபது ஆண்டுகள் காத்திருந்தார். சுவர் கட்டினால் காற்று ஏறிக் குதித்து மறுபக்கம் அடிக்கும். மர வேலியோ காற்றை வடிகட்டி வேகத்தைக் குறைக்கும். மரம் 20 அடி உயரம் என்றால் சுமார் 200 அடி தூரம் வரை அதன் பலன் தெரியும்.

பிறகு ஆஸ்திரேலியாவின் யூக்கலிப்டஸ் மரம்கூட அங்கே வளர்ந்தது. அட்லாண்டிக் கடலின் வெப்ப நீரோட்டமும் உதவி செய்தது. அந்தத் தோட்டத்தை அவருடைய மகள் 1952-ம் ஆண்டு பொது அறக்கட்டளைக்குக் கொடுத்தார். இன்று யாரும் போய்ப் பார்க்கலாம். மெக்கன்சியின் பொறுமை பாராட்டத் தக்கதுதான். ஆனால் அவர் தோட்டத்துப் பாறையிலும் மண் கிடையாது. கூடை கூடையாக ஆட்கள் முதுகில் சுமந்து கொட்டிய மண் அது.

இப்போது பிரிட்டனில் வீட்டுத் தோட்டக்காரர்கள் பலகை அடித்துப் பாத்தியை உயர்த்துகிறார்கள். உழாமல் மேலே எருப் போட்டால் போதும் என்று தோட்டப் புத்தகங்கள் எழுதுகின்றன. பலகைகளைக் கடையில் விலை கொடுத்தும் வாங்கலாம். அதற்கு "உயர்த்திய பாத்தி" என்று பெயர். பழைய பாத்திகளின் தடம் அயர்லாந்து, ஸ்காட்லாந்து மலைச்சரிவுகளில் இன்னும் அழியவில்லை. சாய்ந்த வெயிலில் வரி வரியாகத் தெரியும். இப்போது அவற்றில் புல் முளைத்திருக்கிறது. ஆடுகள் மேய்கின்றன.