சுடுமல்லியும் நிலத்தின் பசியும்

பயிருக்குப் பகையாவன பலவற்றுள், கண்ணுக்குத் தெரியும் பகையைக் காட்டிலும் மண்ணுக்குள் மறைந்திருக்கும் பகையே கொடியது. சோளக் கொல்லைகளிலும் கரும்புத் தோட்டங்களிலும் தோன்றும் சுடுமல்லி என்னும் பூண்டு இவ்வகையைச் சேர்ந்தது. ஏறக்குறைய ஒரு சாண் உயரமே வளர்ந்து, சிறிய வெண்ணிறப் பூக்களைத் தாங்கி நிற்கும் இச்செடியைக் காண்பவர் இதனை ஒரு பொருட்டாக எண்ணார். ஆயினும், இது தோன்றிய கொல்லையில் நிலத்தில் ஈரம் இருக்கும்போதே பயிர் வாடி, இலை சுருண்டு, கதிர் சிறுத்துப் போவதைக் குடியானவர்கள் நன்கு அறிவர்.

சுடுமல்லி தன் உணவைத் தானே முழுதும் தேடிக்கொள்ளும் செடியன்று. பிற பயிரின் வேரைப் பற்றி வாழும் ஒட்டுண்ணி. இதன் விதை தூசி போன்றது. ஒரு செடி 50,000 விதைகளுக்கு மேலும் உதிர்க்கவல்லது. அவ்விதை மண்ணில் 10 ஆண்டுகளுக்கு மேலும் உயிருடன் உறங்கிக் கிடக்கும். மண் நனைந்தது என்பதனால் மாத்திரம் அது முளைத்துவிடுவதில்லை. சோளம், கம்பு, மக்காச்சோளம், கரும்பு முதலிய பயிர்களின் வேர் அருகே வந்து, அவ்வேரினின்று கசியும் ஒருவகைப் பொருள் தன்மீது பட்டால்தான் முளைக்கும். முளைத்த சில நாட்களுக்குள் வேரைப் பற்றாவிடில் மடிந்துபோகும். பற்றிவிட்டாலோ, பயிரின் நீரையும் உணவையும் உறிஞ்சிக்கொண்டு பல வாரங்கள் மண்ணுக்குள்ளேயே வளர்ந்து, அதன் பின்னரே வெளியே தலைகாட்டும்.

இக்காரணத்தால் குடியானவர்களிடையே இரண்டு எண்ணங்கள் வேரூன்றியுள்ளன. பயிர் வாடுவது மழைக்குறைவினால் என்பது ஒன்று. களை வெளியே தெரியும் காலத்தில் பயிருக்கு வந்த கேடு முடிந்துவிட்டபடியால், அதனைப் பிடுங்குவதில் பயனில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பாதி மெய், பாதி தவறு. எது மெய், எது தவறு என்பதை விளங்கிக்கொள்வதற்கு, ஆப்பிரிக்காவில் இப்பூண்டினத்தோடு நெடுங்காலம் போராடிய ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சி பெரிதும் உதவும்.

டாக்டர் கெபிசா எஜெட்டா 1950-ஆம் ஆண்டு எத்தியோப்பியா நாட்டில் ஒரு சிற்றூரில் ஓர் அறையே கொண்ட கூரைவீட்டில் பிறந்தவர். பள்ளிப் படிப்பிற்காக வாரந்தோறும் 20 கிலோமீட்டர் நடந்து சென்று, வார இறுதியில் அவ்வாறே நடந்து வீடு திரும்பியவர். பின்னர் அமெரிக்காவிலுள்ள பர்டூ சர்வகலாசாலையில் பயிர் அபிவிருத்தி சாஸ்திரம் பயின்று, 1979-ல் சூடான் நாட்டுக்குச் சென்றார். அவரை அங்கு அனுப்பிய ஸ்தாபனம், ஹைதராபாத்துக்கு அருகே பதான்செருவைத் தலைமையிடமாகக் கொண்ட இக்ரிசாட் என்னும் சர்வதேச ஆராய்ச்சி நிலையமாகும். சூடானில் அவர் உருவாக்கிய ஹகீன் துரா-1 என்னும் வீரிய ஒட்டுச் சோளம் 1983-ல் வெளியிடப்பட்டது. வறட்சியைத் தாங்கும் அச்சோளம் 1999-ஆம் ஆண்டுக்குள் 10 லட்சம் ஏக்கரில் அறுவடையாயிற்று.

எனினும், வறட்சியைத் தாங்கும் விதை மட்டும் போதாது என்பதை அவர் விரைவில் கண்டார். நீரைத் தேடி வேர் ஆழச் சென்றாலும், அவ்வேரில் களை அமர்ந்து நீரைக் குடித்துவிடுமாயின் பயன் யாது? 1984-ல் பர்டூ சர்வகலாசாலைக்குத் திரும்பிய அவர், லாரி பட்லர் என்னும் இரசாயன நிபுணரோடு கூடி இதனை ஆராயலானார். அவர்கள் கையாண்ட முறை எளியது. கண்ணாடித் தட்டில் கூழ்போல் உறைந்த அகரில் களை விதைகளைக் கலந்து, அதில் ஒரு சோள விதையை முளைக்கவிட்டனர். சோள வேரினின்று எவ்வளவு தூரம் வரையில் களை விதைகள் முளைக்கின்றன என்று அளந்தனர். சில சோள வகைகளின் வேரைச் சுற்றிக் களை விதைகள் ஏராளமாக முளைத்தன. வேறு சில வகைகளின் வேரருகே அவை அநேகமாக முளைக்கவேயில்லை. களையை எழுப்பும் பொருளை அவ்வகைகள் மிகக் குறைவாகவே கசியவிட்டன என்பது தெளிவாயிற்று.

இக்குணத்தை நல்ல மகசூல் தரும் வகைகளோடு இணைத்து உண்டாக்கிய சோள விதை 1994-ல் 8 டன் அளவில் 12 ஆப்பிரிக்க நாடுகளுக்கு வழங்கப்பட்டது. 2009-ல் டாக்டர் எஜெட்டாவுக்கு உலக உணவுப் பரிசு அளிக்கப்பெற்றது. இக்குணத்துக்குக் காரணமான மரபணு இன்னதென்று அவருடைய குழுவினர் 2017-ல் வெளியிட்டனர். களைக்கு நஞ்சு இடாமல், களையை எழுப்பாமலே விடுவது என்னும் இம்முறை இயற்கையோடு இயைந்தது. ஏழைக் குடியானவருக்கும் எட்டக்கூடியது. விதைக்குள்ளேயே காவல் அமைந்திருப்பதால், வேறு கருவியோ மருந்தோ அவர் வாங்க வேண்டியதில்லை.

இங்கு ஓர் ஐயம் எழும். தன்னைக் கொல்லவரும் களையை எழுப்பும் பொருளைப் பயிர் ஏன் கசியவிட வேண்டும்? இப்பொருளை முதன்முதலாக 1966-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தது பருத்தி வேரினின்றாகும். பருத்தியோ இக்களைக்கு இரையாகாத செடி. ஆகவே புதிர் மேலும் பெரிதாயிற்று. 2005-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இதற்கு விடை கண்டனர். மண்ணில் வாழும் நன்மை செய்யும் பூசணங்கள் சில, பயிரின் வேரோடு கூடி வாழ்ந்து, வேர் எட்டாத இடத்திலுள்ள மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கின்றன. அப்பூசணங்களை அழைக்கும் பொருட்டே வேர் இப்பொருளைக் கசியவிடுகிறது. நண்பனை அழைக்கும் குரலைக் கேட்டு, இருளில் பதுங்கியிருந்த திருடனும் எழுந்து வருவது போன்றது இது.

இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. மணிச்சத்து குறைந்த மண்ணில் பயிர் இப்பொருளை மிகுதியாகக் கசியவிடுகிறது. சோளமோ, தழைச்சத்து குறைந்தாலும் அவ்வாறே செய்கிறது. பசித்த பயிர் உரக்கக் கூவுகிறது. களை அதிகமாக எழுகிறது. எனவே சுடுமல்லி மலிந்த கொல்லை பெரும்பாலும் சத்து இழந்த கொல்லையாக இருப்பதில் வியப்பில்லை. களை வந்ததனால் நிலம் கெட்டது என்று கூறுவதைக் காட்டிலும், நிலம் பசித்ததனால் களை வந்தது என்று கூறுவதே பல இடங்களில் பொருந்தும். எரு இடாமல் ஆண்டுதோறும் அதே பயிரை வைத்து, விதையை மாத்திரம் மாற்றிப் பலன் காணலாம் என்று எதிர்பார்ப்பது, பசித்தவனுக்குச் சோறிடாமல் சட்டையை மாற்றிக் கொடுப்பதை ஒக்கும்.

டாக்டர் எஜெட்டாவும் விதை ஒன்றையே நம்பினாரல்லர். எத்தியோப்பியாவில் அவருடைய முயற்சியால் நடந்த திட்டத்தில் மூன்று காரியங்கள் ஒருங்கே செய்யப்பெற்றன. களையைத் தடுக்கும் விதை ஒன்று. நிலத்துக்கு உரம் இடுதல் இரண்டு. பார்களுக்கிடையே குறுக்கு வரப்பிட்டு மழைநீரை ஓடாமல் தேக்குதல் மூன்று. இம்மூன்றில் ஒன்றைச் செய்து மற்றவற்றை விடுவதைக் காட்டிலும் மூன்றையும் சேர்த்துச் செய்வதே மிகுந்த பலன் அளிக்கும் என்பது அத்திட்டத்தின் கொள்கை. கென்யா நாட்டில், விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள ம்பிட்டா என்னுமிடத்தில், மக்காச்சோளத்துக்கு இடையே டெஸ்மோடியம் என்னும் பயறுவகைத் தீவனச் செடியை வளர்த்த ஆராய்ச்சியாளர்கள், அதன் வேர்க்கசிவு களை விதையை முளைக்கச் செய்து, முளைத்தபின் வளரவொட்டாமல் தடுப்பதைக் கண்டனர். அச்செடி நிலத்துக்குத் தழைச்சத்தையும், மாட்டுக்குத் தீவனத்தையும் தருகிறது.

இவ்வாராய்ச்சிகள் தமிழ்நாட்டுக் குடியானவர்களுக்கு முற்றிலும் புதிய வழியைக் காட்டுகின்றன என்று கூறுவதற்கில்லை; பழைய வழக்கங்களின் காரணத்தையே விளக்குகின்றன. கரிசல் நிலங்களில் பருத்தியும் சோளமும் மாற்றிப் பயிரிடுவது பழமையான வழக்கம். பருத்தி வேர் சுடுமல்லி விதையை எழுப்பும். ஆனால் அதற்கு இடங்கொடாது. எழுந்த விதை பற்றுக்கோடின்றி மடியும். நிலக்கடலை, தட்டைப்பயறு, சூரியகாந்தி ஆகியவையும் இவ்வகையில் உதவக்கூடியவை. இவ்வழக்கத்தைக் கைவிட்டு, சோளத்தின் மேல் சோளமும் கரும்பின் மேல் மறுதாம்புக் கரும்புமாக வைத்துக்கொண்டு போகுமிடங்களில் களை பெருகுமாயின், அதற்காக விதியை நோவதில் பொருளில்லை.

இனி, பிடுங்குவதில் பயனில்லை என்னும் எண்ணத்தை நோக்குவோர், அதிலுள்ள மெய்யை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியே தெரிந்த களையைப் பிடுங்குவதால் இவ்வாண்டு மகசூல் பெரிதும் கூடுவதில்லை. களைக்கொல்லி மருந்து தெளிப்பதும் இவ்வகையில் ஏறக்குறைய அதுபோன்றதே; அன்றியும், பருத்தியோ பயறோ ஊடுபயிராக உள்ள கொல்லையில் 2,4-டி முதலிய மருந்துகள் அவ்வூடுபயிரையும் கெடுக்கும். ஆனால், பூத்து விதை உதிர்க்குமுன் பிடுங்கிய ஒவ்வொரு செடியும் மண்ணில் விழவிருந்த பல்லாயிரம் விதைகளைத் தடுத்ததாகும். ஆகையால் பிடுங்கும் கூலியை இவ்வாண்டின் செலவாகக் கணக்கிடுதல் தவறு. அது பின்வரும் 10 ஆண்டுகளுக்கு இட்ட முதலாகும். பூத்துவிட்ட செடியை வரப்பில் எறிவதும், எருக்குழியில் இடுவதும் விதைப்பதற்கு ஒப்பானவை. அதனை எரித்துவிடுதலே தக்கது.

இங்குதான் நிலச்சுவான்தார்களின் கடமை வெளிப்படுகிறது. ஓராண்டுக் குத்தகைக்கு நிலத்தை எடுத்தவர், பின்வரும் 10 ஆண்டுகளின் நன்மைக்காகத் தம் கைப்பொருளைச் செலவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. நன்மை நிலத்துக்குரியவருக்கே சேருமாதலால், சுடுமல்லி பிடுங்கும் கூலியையும், நிலத்துக்கு இடும் எருவின் ஒரு பகுதியையும் அவரே ஏற்பது முறை. குத்தகைப் பேச்சு நடக்கும்போதே இதனையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுதல் பின்னால் எழும் மனத்தாங்கலைத் தடுக்கும். சோளத்துக்குப் பின் பருத்தியோ பயறோ வைக்கக் குத்தகைதாரர் விரும்பினால், குத்தகை குறைந்துவிடுமோ என்று அஞ்சி அதனைத் தடுப்பவர் தம் நிலத்தைத் தாமே கெடுத்துக்கொள்பவராவார்.

ஒருவர் தம் கொல்லையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, அண்டைக் கொல்லைக்காரர் களையை விதைக்கவிட்டால் பயனில்லை என்பதும் உண்மையே. தூசி போன்ற விதை மழைநீரிலும், கலப்பையிலும், மாட்டின் குளம்பிலும், வாங்கும் விதைத் தானியத்திலும் ஒட்டி ஊர் சுற்றும். எனவே இது தனி ஒருவரின் காரியமன்று, ஊரின் காரியம். அமெரிக்காவில் வட கரோலினா, தென் கரோலினா மாகாணங்களில் 1956-ல் இக்களை கண்டுபிடிக்கப்பட்டது. அங்கு 4 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் அது பரவியிருப்பதாகக் காணப்பட்டது. களையுள்ள நிலங்களைக் கணக்கெடுத்து, அங்கிருந்து மண்ணும் விளைபொருளும் தடையின்றி வெளியே போகாவண்ணம் கட்டுப்படுத்தி, விதைக்குமுன் களையை அழித்து, பல பத்தாண்டுகள் விடாது முயன்றதன் பயனாக அப்பரப்பில் பெரும்பகுதி களையினின்று விடுபட்டது. அங்கு அரசாங்கம் செலவிட்ட பெரும்பொருள் எல்லா நாடுகளுக்கும் இயலாது. ஆனால், எந்த நிலத்தில் களை உள்ளது என்று கணக்கெடுப்பதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

பயிர்க்கணக்கு எடுக்கச் செல்லும் கிராம அதிகாரிகள், சோளமும் கரும்பும் உள்ள சர்வே நம்பர்களில் சுடுமல்லி தென்படுமாயின் அதனையும் குறித்துவைத்து, விவசாய இலாகாவினருக்குத் தெரிவிப்பார்களாயின், எந்தக் கொல்லைக்கு மாற்றுப்பயிர் வேண்டும், எந்தக் கொல்லையின் தானியத்தை விதைக்கு எடுக்கலாகாது என்பன ஊருக்கு ஊர் தெளிவாகும். களை பூக்கும் பருவத்தில் ஊரார் அனைவரும் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, நிலம் யாருடையது என்று பாராமல் பிடுங்கிக் கொளுத்துவது ஏரி மராமத்துக்கு ஒப்பான பொதுத் தொண்டாகும்.

களையைத் தடுக்கும் விதை ஒரு பெரும்பேறு. ஆனால் அதனை ஏந்தும் நிலம் பசித்திருக்குமாயின், அப்பேறும் நெடுநாள் நில்லாது. சுடுமல்லியின் வெண்பூவைக் கொல்லையில் காணும் குடியானவர், அதனை ஒரு களையாக மாத்திரம் கருதாமல், எருவும் மாற்றுப்பயிரும் வேண்டி நிலம் எழுதியனுப்பிய விண்ணப்பமாகவும் கருதுவாராக. அவ்விண்ணப்பத்துக்கு அந்த ஆண்டே செவிசாய்ப்பவரின் கொல்லையில் பின்வரும் ஆண்டுகளில் சோளம் தலைநிமிர்ந்து நிற்கும்.