ஆறரை மணிக் கச்சேரி

புதிதாக அப்பாவான ஆசாமியை ஆபீஸில் அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். சட்டையின் இடது தோளில் வெள்ளையாகக் காய்ந்த பால் கறை. மத்தியானம் மூன்று மணி மீட்டிங்கில் கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டான். சாயங்காலம் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது இவன் மட்டும் 'ஒரு சின்ன வேலை பாக்கி' என்று கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருப்பான். ஒரு வேலையும் பாக்கியில்லை. வீட்டில் ஆறரைக்குக் கச்சேரி. அதற்குப் பயம்.

பகலெல்லாம் பரம சாதுவாகத் தூங்கிய குழந்தை, விளக்கு வைக்கிற நேரத்தில் முகத்தைச் சுளிக்கும். காலை வயிற்றோடு மடக்கும். தக்காளியாகச் சிவந்து 'வீல்' என்று எடுக்கும். பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, எறும்பு கிறும்பு இருக்கிறதா என்று சட்டையைக் கழற்றி உதறியாயிற்று. ம்ஹும். ஒன்பதரை வாக்கில் யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரி தானாகத் தூங்கிப்போகும். மறுநாள் அதே மேடை, அதே வித்வான்.

உடனே வீட்டில் விசாரணை கமிஷன் உட்காரும். "உரம் விழுந்திருக்கும்" என்பார் பெரியம்மா. "கண்ணு பட்டிருக்கு, உப்பு மிளகா சுத்திப் போடுங்க" என்பார் எதிர் வீட்டு அக்கா. மாமனாருக்கு ஏ.சி. மேல் சந்தேகம். ஒன்பதேகாலுக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போட்டால் ஒன்பதரைக்குக் குழந்தை தூங்கிவிடும். எப்படியும் தூங்கியிருக்கும். ஆனால் பெயர் மிளகாய்க்கு! போகட்டும், மிளகாயால் (நெடி தவிர) கெடுதல் இல்லை.

கெடுதல், மாமியாரின் தீர்ப்பில் இருக்கிறது: "பால் பத்தலைடி உனக்கு."

பச்சை உடம்புக்காரி, தூக்கம் கெட்டவள், ஏற்கெனவே பயந்துபோய் இருப்பவள். இந்த ஒரு வரி போதும், அழ ஆரம்பித்துவிடுவாள். மறுநாள் டின் பால் வாங்கி வருவீர்கள். புட்டிப்பால் ஏற ஏறத் தாய்ப்பால் குறையும். 'நான்தான் சொன்னேனே' என்பார் மாமியார். குழந்தைகள் சாயங்காலத்தில் அடிக்கடி பால் கேட்பது சகஜம். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போய், எடையும் ஒழுங்காக ஏறினால் பால் பற்றுகிறது என்று அர்த்தம். டின் பால் விளம்பரத்தைத் தடுக்க 1992-ல் நம் நாட்டில் சட்டமே போட்டார்கள். மாமியார் செய்யும் விளம்பரத்தைத் தடுக்க எந்த பார்லிமென்ட்டாலும் முடியாது. அந்த வேலை உங்களுடையது. "அத்தே, டாக்டர் எடை சரியா இருக்குன்னு சொல்லிட்டார்" என்று ஒரு வார்த்தை, மனைவி காதில் விழும்படி.

சரி, ஏன்தான் அழுகிறது? உறுதியான ஒரே காரணம் என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை. ஆனால் எப்போது, எவ்வளவு என்று கணக்கு எடுத்திருக்கிறார்கள். பிரேஸல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை டாக்டர், 80 குழந்தைகளின் அம்மாக்களை டைரி எழுதச் சொல்லி 1962-ல் வெளியிட்ட கணக்கு இது. இரண்டாவது வாரத்தில் தினம் சுமார் ஒன்றேமுக்கால் மணி நேர அழுகை. ஆறாவது வாரத்தில் இரண்டேமுக்கால். அதுதான் உச்சம், பிறகு இறங்குமுகம். இத்தனைக்கும் எல்லாம் ஆரோக்கியமான குழந்தைகள், அழுததும் பெரும்பாலும் சாயங்காலத்தில்தான். இதைவிட உச்சஸ்தாயி வித்வான்களுக்கு, வெஸல் என்ற இன்னொரு டாக்டர் 1954-லேயே மூன்று மூன்றாக ஓர் இலக்கணம் வைத்தார்: தினம் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல். அவர்களும் மூன்று, நான்கு மாதத்தில் ஓய்ந்துவிடுவார்கள்.

இங்கேதான் நம் பெரியவர்களின் சாமர்த்தியத்தை மெச்ச வேண்டும். தலைப்பிரசவம் அம்மா வீட்டில். மூன்றாம் மாசமோ ஐந்தாம் மாசமோதான் குழந்தையைக் கொண்டுவந்து விடுவார்கள். மாப்பிள்ளை சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸைப் பிடித்துப் போய், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்டு, தூங்கும் குழந்தையைப் பார்த்துப் புல்லரித்துவிட்டுத் திரும்பிவிடலாம். உச்சகட்டம் முழுவதும் மாமியார் கணக்கில்! இப்போது பல வீடுகளில் மாமியார்தான் பெட்டியோடு உங்கள் ஃபிளாட்டுக்கு வருகிறார். இரண்டு பெட்ரூம், ஆறு வாரக் குழந்தை, தப்பிக்க பால்கனிதான் வழி.

ஆகவே தூக்கிக்கொள்ளுங்கள்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். கனடாவில் மான்ட்ரியல் நகரத்தில் ஹன்ஸிகர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் சில அம்மாக்களிடம், 'அழாதபோதும் சேர்த்து தினம் மூன்று மணி நேரமாவது குழந்தையைத் தூக்கி வைத்திருங்கள்' என்றார்கள். 1986-ல் வந்த முடிவு: ஆறாவது வாரத்தில் அந்தக் குழந்தைகளின் அழுகை, மற்றக் குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவு; சாயங்காலம் நாலு மணிக்கு மேல் 51 சதவீதம். 'தூக்கித் தூக்கிக் கையை வெச்சுப் பழக்காதே, அப்புறம் இறங்காது' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டலாம். (அதே பார், 1991-ல் மூன்று மூன்று இலக்கணத்து வித்வான்களிடம் இதைச் சோதித்தபோது பலிக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

ஜப்பானில் ரிக்கென் ஆராய்ச்சி நிலையத்தில் குமி குரோடா என்ற பெண்மணி. தாய் எலி கவ்வித் தூக்கினால் குட்டி ஆடாமல் அசையாமல் அடங்கிப்போகிறதே என்று ஆரம்பித்து, மனிதக் குட்டிக்கு வந்தார். தூக்கிக்கொண்டு நடந்தால் அழுகை நிற்பதோடு இதயத் துடிப்பும் நிதானமாகிறது என்று 2013-ல் அவர் குழு எழுதியது. 2022-ல் டைம்டேபிளே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிஷம் ஒரே சீராக நடை. நடுவில் நின்று டி.வி.யில் ஸ்கோர் பார்க்கக் கூடாது. தூங்கியதும் உடனே இறக்காமல், மடியில் வைத்தபடி ஐந்திலிருந்து எட்டு நிமிஷம் உட்கார வேண்டும். அப்புறம் தொட்டில். குழந்தை விழித்துக்கொள்வது படுக்கை முதுகில் பட்டதால் அல்ல, உங்கள் உடம்பிலிருந்து பிரிகிற அந்தக் கணத்தில்தானாம்.

கூடவே விளக்கைக் குறையுங்கள். காதருகே 'உஷ்ஷ்...' என்று நீளமாக ஒரு சத்தம். ஃபேன் சத்தமும் நல்லதே. வயிற்றுக்குள் அம்மாவின் ரத்த ஓட்டத்தைக் கேட்டுக்கொண்டே இருந்த ஆசாமிக்கு, நிசப்தம்தான் புதுசு. தூளி கட்ட உத்தரம் இருந்தால் பக்கத்திலேயே இருந்து ஆட்டலாம். தூங்கியபின் சமதரையில், மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தூளிக்குள் கழுத்து மடிந்தால் மூச்சு முட்டும்.

வாய்க்குள் மட்டும் எதுவும் வேண்டாம். கிரைப் வாட்டரை இங்கிலாந்தில் வில்லியம் உட்வர்ட் என்பவர் 1851-ல் தயாரித்தார். அந்தக் காலத்துச் சரக்கில் சர்க்கரை, சோடா உப்போடு 3.6 சதவீதம் ஆல்கஹாலும் இருந்தது! குழந்தை சமாதானமானதில் என்ன ஆச்சரியம்? பிற்பாடு ஆல்கஹாலை எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கட்சி. வசம்பை உணவில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்கா 1968-லேயே தடை போட்டது. 'பேர் சொல்லாதது' கையில் வளையலாக இருக்கட்டும், நாக்கில் வேண்டாம். தேன், ஒரு வயது வரை கூடவே கூடாது. உரம் எடுக்கிறேன் என்று குழந்தையைத் துணியில் போட்டு உருட்டுகிற பாட்டியிடமிருந்து, குழந்தையை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.

காய்ச்சல் நூறு புள்ளி நாலைத் தொட்டால், பச்சையாக வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் இருந்தால், இடுப்புக்குக் கீழே வீங்கியிருந்தால், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்னொரு விஷயம், ஆபீஸ் கேன்டீனில் யாரும் பேசாதது. எல்லாம் செய்தும் இரண்டு மணி நேரமாக அலறுகிறது. காலையில் மேனேஜர் கடித்தது, பைக் டியூ, பக்கத்து ஃபிளாட்காரர் சுவரைத் தட்டுவது எல்லாம் சேர்ந்து, எங்கிருந்தோ ஒரு கோபம் கையில் இறங்கும். 'வாயை மூடேன்' என்று குழந்தையைப் பிடித்து உலுக்கத் தோன்றும். தோன்றுவது அசுரர்களுக்கு மட்டும் அல்ல, தூக்கம் கெட்ட எந்த நல்ல மனுஷனுக்கும். ஆனால் உலுக்கிவிட்டால் தீர்ந்தது. சிசுவின் தலை உடம்பு நீளத்தில் கால் பங்கு. கழுத்தில் வலுவே கிடையாது. சில விநாடி உலுக்கலில் மூளை மண்டைக்குள் முன்னும் பின்னும் மோதி, மெல்லிய ரத்தக் குழாய்கள் அறுந்துவிடும். கண் போகலாம், உயிரே போகலாம். வெளியே ஒரு காயமும் தெரியாது.

அந்தக் கோபம் வந்த விநாடியில் செய்ய வேண்டியது ஒன்றுதான். குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கதவைச் சாத்துங்கள். பால்கனிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பத்து நிமிஷம் அழுவதால் எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது. மாமியார், "இதென்னடி, உங்க வீட்டுக்காரர் குழந்தையை அழவிட்டுட்டு வெளியே நிக்கறாரு?" என்று மகளிடம், உங்களுக்குக் கேட்கும்படி கேட்பார். கேட்கட்டும். மூச்சு நிதானமானதும் உள்ளே போய் மறுபடியும் ஐந்து நிமிஷ நடை. இதை மனைவிக்கும் சொல்லி வையுங்கள். பகலில் தனியாக இருக்கும்போது அவளுக்கும் கை நடுங்கும்.

பத்து, பன்னிரண்டு வாரம். நாள்காட்டியில் குறித்துக்கொள்ளலாம். அப்புறம் ஒருநாள் சாயங்காலம் ஏழரைக்கு வீடு நிசப்தமாக இருக்கும். குழந்தை மல்லாக்கப் படுத்து, சுற்றும் ஃபேனைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கும். மாமியார் பதறிப்போய் வந்து, ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.