தூக்குதுரையும் தூக்குவாளியும்

பண்டிகையை ஒட்டிப் படம் வந்த காலம் போய், படத்தை ஒட்டிப் பண்டிகை வருகிற காலம் இது. தை பிறக்க நாலைந்து நாள் இருக்கும்போதே சின்னமனூரிலும் கம்பத்திலும் கட்-அவுட்டுகள் எழுந்துவிடுகின்றன. கரும்புக்கட்டு வந்து இறங்குவதற்குள் பால்குடம் வந்து இறங்கிவிடுகிறது. அதுவும் மாட்டுக்கு அல்ல, மரச்சட்டத்தில் நிற்கும் கதாநாயகனுக்கு!

2019 ஜனவரி 10-ஆம் தேதி 'பேட்ட', 'விஸ்வாசம்' என்று இரண்டு படங்கள் ஒரே நாளில் வந்தன. 2023 ஜனவரி 11-இல் 'வாரிசு'ம் 'துணிவு'ம் வந்தன. அந்த இரண்டாவது ஜோடி வந்த விடியற்காலையில், சென்னையில் ஓடும் லாரி மேல் ஏறி ஆடிய ஓர் இளைஞன் விழுந்து செத்தான். அதற்குப் பிறகுதான் விடியற்காலைக் காட்சி வேண்டாம் என்று சர்க்காருக்குத் தோன்றியது.

'விஸ்வாசம்' மீது மட்டும் எனக்குத் தனிக் கோபம் உண்டு. அதன் நாயகன் தூக்குதுரை நம் தேனி ஜில்லாக்காரர், கொடுவிலார்பட்டிவாசி. அரிசி மில் முதலாளி, பஞ்சாயத்து பேசுகிறவர், அடிதடிக்கு அஞ்சாதவர். எல்லாம் சரி. அந்தப் படப்பிடிப்பு 2018 மே மாதத்தில் எங்கே தொடங்கியது என்று நினைக்கிறீர்கள்? ஹைதராபாத் ராமோஜி பிலிம் சிட்டியில்! கொடுவிலார்பட்டி என்ன, கைலாசமா, போய்ச் சேர முடியாமல் போவதற்கு?

அப்பனும் மகளும் சேருகிற இடத்தில் தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதை நான் பரிகசிக்க மாட்டேன். அந்தக் கண்ணீர் நிஜம். ஆனால் அப்படி அழுத தாய்மார்களில் எத்தனை பேர் மறுநாள் இருட்டோடு எழுந்து, தூக்குவாளியில் சோற்றை அடைத்துக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டக் கூலிக்குப் போனவர்கள்! திரையில் தூக்குதுரை வருகிறார், தூக்குவாளி வருவதில்லை. மேகமலைக்கும் இதே கதிதான். அங்கே தேயிலை கிள்ளுகிற பெண்களுக்கும் அவர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கும் கதையில் இடமில்லை. காதலர்கள் ஆடிப்பாடப் பச்சைப் படுதா ஒன்று வேண்டும், அதற்கு மலை உதவுகிறது.

இந்த மலையின் கதையைச் சொன்ன படமே இல்லையா? உண்டு. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை', 2018 ஆகஸ்ட் 24-இல் வந்தது. ஏலக்காய் மூட்டையை முதுகில் சுமந்து மலையிறங்கும் ரங்கசாமிக்கு ஒரே ஒரு ஆசைதான்: சொந்தமாகக் கொஞ்சம் நிலம். வாங்கியும் விடுகிறான். கடைசியில் அந்த நிலத்திலேயே நட்டுவைத்த காற்றாலைக்குக் காவற்காரனாக உட்கார்ந்திருக்கிறான். அரிவாளும் இல்லை, ஆவேசப் பேச்சும் இல்லை. பார்த்தவனுக்குச் சோறு இறங்காது. இதற்குப் பணம் போட்டவர் விஜய் சேதுபதி. அவரே ஐந்து மாதத்தில் 'பேட்ட'யில் வில்லனாகப் பொங்கலுக்கு வந்தார். நடிகருக்குப் பொங்கல் கிடைத்தது, ரங்கசாமிக்குக் கிடைக்கவில்லை.

"ஜனங்கள் கேட்பதைத்தானே கொடுக்கிறோம்?" என்பார்கள் பட முதலாளிகள். எப்போது கேட்டீர்கள் ஐயா? 2010 டிசம்பர் 24-இல் சீனு ராமசாமியின் 'தென்மேற்குப் பருவக்காற்று' வந்தது. அதுவும் தேனி மண்ணின் கதைதான். 'மன்மதன் அம்பு' புறப்பட்ட மறுநாள் அதை அனுப்பினார்கள். யானை போகிற வழியில் ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டு, ஆடு ஓடவில்லையே என்று அங்கலாய்ப்பதா? சிறந்த தமிழ்ப்படம், சிறந்த நடிகை என்று தேசிய விருதுகள் பிறகு வந்தன. விருது வந்து என்ன, கொட்டகை வரவில்லையே!

இன்னொரு சாட்சியும் சொல்கிறேன். 2025 பொங்கலுக்கு வருவதாக இருந்த 'விடாமுயற்சி' தள்ளிப்போயிற்று. அந்தக் காலியிடத்தில், எடுத்துப் பன்னிரண்டு வருஷம் பெட்டியில் கிடந்த 'மத கஜ ராஜா' வந்து சக்கைப்போடு போட்டது. அது ஒன்றும் காவியமல்ல, வெறும் கோமாளிக்கூத்து. ஆனால் ஒன்று நிரூபணமாயிற்று: பண்டிகை நாளில் ஜனங்கள் போவது திறந்திருக்கும் கதவுக்குள். எந்தக் கதவைத் திறப்பது என்பதைத் தீர்மானிக்கிறவர் விநியோகஸ்தர். பழி மட்டும் ஜனங்களின் ரஸனைக்கு.

அந்த ரஸனையைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிறவர்கள் ஒரு ஜனவரி 15-ஆம் தேதி கூடலூர் லோயர் கேம்ப் பக்கம் போய்ப் பார்க்கட்டும். 1841-இல் அந்தத் தேதியில் பிறந்த வெள்ளைக்கார இன்ஜினீயர் பென்னிகுவிக்குக்கு இந்தப் பள்ளத்தாக்குக் குடியானவர்கள் பொங்கல் வைக்கிறார்கள். பெரியாற்றுத் தண்ணீர் 1895-இல் இந்தப் பக்கம் திரும்பியது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் தண்ணீர் கொடுத்தவனை மறக்காத ஜனங்களா தங்கள் முகத்தைத் திரையில் காட்டினால் பாராமுகமாக இருந்துவிடுவார்கள்?

நட்சத்திரப் படங்களை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அவை ஓடட்டும். தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் உள்ள கொட்டகைகளில் ஏதாவது ஒன்றில், மாட்டுப்பொங்கலன்று ஒரே ஒரு சாயங்காலக் காட்சி ரங்கசாமிக்கு ஒதுக்குங்கள். அன்றைக்கு ஏலத்தோட்டத்துக்கு ஜீப் போகாது; எல்லாரும் ஊரில்தான் இருப்பார்கள்.