பாட்டி வாங்கி வந்த பாட்டில்

போன மாதம் ஒரு மத்தியானம், சமையற்கட்டை ஒழித்துப் போட்டுவிட்டு அப்போதுதான் உட்கார்ந்தேன். எதிர் வீட்டுப் பாட்டி ஒரு சிரப் பாட்டிலோடு வந்து நின்றார்.

"சிஸ்டரம்மா, இதை எத்தனை மில்லி கொடுக்கணும்?"

பார்த்தால் ஆன்டிபயாட்டிக்! டாக்டர் சீட்டு இல்லாமலே கடைக்காரர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவருடைய மகள் வயிற்றுப் பேரன், ஏழு மாதக் குழந்தை, மண்டை ஓட்டில் ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் முன்புதான் வீட்டுக்கு வந்திருந்தான்.

பிறந்த குழந்தையின் மண்டை ஓடு ஒரே எலும்பு அல்ல. பல தகடுகள், நடுவே பொருத்துகள். மூளை வளர வளர இந்தப் பொருத்துகள்தான் இடம் கொடுக்கும். சில குழந்தைகளுக்கு ஏதாவது ஒரு பொருத்து முன்கூட்டியே மூடிக்கொண்டுவிடுகிறது. இந்தப் பையனுக்கு உச்சியில் முன்னும் பின்னுமாக ஓடும் பொருத்து மூடி, தலை படகு மாதிரி நீண்டுவிட்டது. பெரும்பாலும் ஒரு வயதுக்குள் ஆபரேஷன் செய்து சரிப்படுத்துவார்கள்.

பாட்டிக்கு ஒரே ஆதங்கம். "பல்லைப் பிடுங்கினாலே அஞ்சு நாளைக்கு மாத்திரை எழுதறாங்க. தலையைத் திறந்து மூடின பிள்ளைக்கு வலி மருந்து மட்டும்தானா? மறந்துட்டாங்களோ?"

மறக்கவில்லை. மருந்து போட்டாயிற்று, பாட்டி பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள் நான். தோலில் கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள், நரம்பு வழியாக ஊசி ஏற்றிவிடுவோம். பெரும்பாலும் செஃபஸோலின், அளவு குழந்தையின் எடைப்படி. எத்தனை கழுவினாலும் தோலில் கொஞ்சம் கிருமி இருக்கத்தான் செய்யும். கத்தி பட்டதும் அது உள்ளே நுழையும். அந்த நிமிஷம் மருந்து அங்கே காத்திருக்க வேண்டும். திருடன் வருமுன் தாழ்ப்பாள் போடுவது போலத்தான்! அமெரிக்காவில் ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவர் 1961-ல் கினிப் பன்றிகளிடம் சோதித்துக் காட்டினார்: கிருமி புகுமுன் மருந்து இருந்தால் நல்ல பலன், புகுந்து மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தால் பலனே இல்லை.

ஆபரேஷன் நீண்டாலோ, ரத்தம் அதிகம் போனாலோ நடுவில் இன்னொரு டோஸ் உண்டு. தையல் போட்ட பிறகு? தடுப்புக்காக மருந்தைத் தொடர வேண்டாம் என்று 2016-ல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. சில இடங்களில் ஒரு நாள் வரை கொடுப்பதுண்டு; அது டாக்டரின் முடிவு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏழு நாள்கூட ஊசி போட்டிருக்கிறேன். நல்லது என்றுதான் நினைத்தோம். ஆனால் வீணாகத் தொடர்ந்தால் பேதி, வாயில் வெள்ளைப் படலம் எல்லாம் வரலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் மட்டும் தங்கிப் பெருகும்.

இதெல்லாம் சொல்லி முடித்ததும் பாட்டி மெல்லச் சொன்னார்: "இல்லே சிஸ்டரம்மா, நேத்து ராத்திரியிலேர்ந்து உடம்பு லேசா சுடுது. அதான்..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். 101 டிகிரி! "இப்பவே கிளம்பும்மா" என்று மகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஒரு நாள் வைத்திருந்து, ரத்தம் சோதித்து, வெறும் ஜலதோஷக் காய்ச்சல்தான் என்று அனுப்பினார்கள். வேறு மாதிரி இருந்திருந்தால்? மூளையைச் சுற்றிக் கிருமி பிடித்திருக்கும் வேளையில் அரைகுறையாக சிரப் கொடுத்தால் அடையாளம் மறையும். முதுகுத்தண்டு நீரைச் சோதித்தாலும் கிருமி சிக்காமல் போகலாம். பொழுது வீணாகும்.

ஆகவே தாய்மார்களே, நினைவில் வையுங்கள். ஆபரேஷனுக்கு முன், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் மறக்காமல் சொல்லுங்கள். சளி, காய்ச்சல், தலையில் சிரங்கு இருந்தாலும் சொல்லுங்கள். நீங்களாக மொட்டை அடிக்காதீர்கள். சவரக் கத்திக் கீறலில் கிருமி குடியேறும். முடி எடுக்க வேண்டுமென்றால் அங்கேயே கத்தரிப்பார்கள். வீடு திரும்பிய பிறகு காய்ச்சல், தையலைச் சுற்றிச் சிவப்பு அல்லது வீக்கம், சீழ், தெளிந்த நீர்க்கசிவு, ஓயாத வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் - எது கண்டாலும் கை வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பாட்டி அந்தப் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் காசுக்கு என்ன வாங்கி வந்தார் தெரியுமா? ஒரு தெர்மாமீட்டர்!