நெய்வேலிப் பூதமும் சோமனூர்த் தறியும்

சோமனூரில் தறியோசை கேட்டு வளர்ந்தவனுக்கு அவ்வோசை நின்றால்தான் உறக்கம் கலையும். அத்தறியை ஓட்டும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பைக்காராவிலிருந்து என்று கோவை வட்டாரத்தார் ஒரு காலத்தில் பெருமிதத்தோடு சொன்னார்கள். நீலகிரியின் நீர் 1932இல் மின்னாற்றலாகிச் சமவெளிக்கு இறங்கியதால் அன்றோ கோவை, ஆலை நகரமாயிற்று! ஆயினும் வானம் பொய்த்தால் அணை வறளும். அணை வறண்டால் ஆலை நிற்கும். ஆகவேதான் தமிழகம் தன் காலடி மண்ணுக்குள் பார்வையைச் செலுத்திற்று.

நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரியபொருள் வெளிப்பட்ட கதையை நாடறியும். 1956 நவம்பரில் நிறுவனம் பிறந்தது. 1957 மே 20ஆம் நாள் பண்டித நேரு சுரங்கப்பணியைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டதோ 1961இல்! இடைப்பட்ட நான்காண்டுகள் எதில் கழிந்தன? மேல்மண்ணை அகற்றுவதில்.

ஒரு டன் கரிக்கு ஏறத்தாழ ஐந்தரை கனமீட்டர் மண்ணை அப்புறப்படுத்த வேண்டும். மண்வெட்டியும் கூடையும் கொண்டு ஆகிற காரியமா? எனவேதான் வந்தது அந்தப் பூதம். நீண்ட கை, கையின் நுனியில் சுழலும் பெருஞ்சக்கரம், சக்கரத்தின் விளிம்பெங்கும் பல் முளைத்த வாளிகள். ‘பக்கெட் வீல்’ என்பது சுரங்கத் தொழிலாளர் வாயில் வழங்கும் பெயர். சக்கரம் சுழலச் சுழல வாளி மண்ணைக் கடித்தெடுக்கும், ஓடும் பட்டையிலே கொட்டும், பட்டை அதைத் தொலைவுக்குக் கொண்டு செல்லும். வேடிக்கை ஒன்று கேளுங்கள்: மின்சாரத்துக்காக உழைக்கும் இவ்வெந்திரம் மின்சாரத்தையே உண்டு உயிர் வாழ்கிறது!

செருமானிய நாட்டின் மெல்லிய மண்ணில் பழகிய எந்திரம், கடலூர் மணற்பாறையைக் கடித்துப் பல் தேய்ந்தது. வெடிவைத்துப் பாறையைத் தளர்த்தியும், பற்களை மாற்றி மாற்றிப் பொருத்தியும் நம் தொழிலாளர் அதை நம் மண்ணுக்குப் பழக்கினர். கரிப்படுகைக்கு அடியிலோ அழுத்தம் மிகுந்த ஊற்று நீர்! இரவு பகல் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து எழும். இத்தனையையும் வென்று எடுத்த கரியை, சோவியத் உதவியுடன் எழுந்த அனல் நிலையம் 1962 முதல் மின்னாக்கியது. 600 மெகாவாட் நிலையமாக வளர்ந்து, 2020இல் அது ஓய்வு பெற்றது.

இதனினும் பெரிய பூதங்கள் உலகில் உண்டு. 1978இல் செருமனியில் குருப்பு நிறுவனம் கட்டிய ‘பேகர் 288’ என்பதன் எடை 13,500 டன். நாளொன்றுக்கு 2,40,000 கனமீட்டர் மண்ணை அது அகழும். 2001இல், ஒரு சுரங்கத்தில் வேலை முடிந்ததென்று, சாலையையும் ஆற்றையும் கடந்து 22 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேறு சுரங்கத்துக்கு ஊர்ந்தே சென்றது. போக மூன்று வாரம் பிடித்தது. அவசரப்படவில்லை, பாருங்கள்!

நெய்வேலிப் பக்கம் அவசரப்பட்டார்கள். 2023 சூலையில், பரவனாற்றை மாற்றி விடும் கால்வாய்க்காக, வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் மண்வாரி எந்திரங்களை இறக்கினார்கள். கையகப்படுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்ட நிலம், பணம் கொடுத்தாகி விட்டது என்பது நிறுவனத்தின் வழக்கு. சட்டம் அப்படியே இருக்கட்டும். இத்தனை ஆண்டு காத்த நிறுவனத்துக்கு ஓர் அறுவடை வரை காக்கப் பொறுமை இல்லையா? உயர் நீதிமன்றத்திலும் அக்கேள்வி எழுந்தது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரும்படி ஆணையும் வந்தது.

எந்திரமே வேண்டாம் என்பர் சிலர். அவர்கள் ஒரு நாள் மின்சாரமற்ற சோமனூரில் வந்து தங்கட்டும். 2008க்குப் பின் வந்த மின்வெட்டு ஆண்டுகளைத் தறிக்காரர் எவரும் மறக்கவில்லை. நாடு முன்னேற யாரோ சிலர் நிலம் இழக்கத்தான் வேண்டும் என்பர் வேறு சிலர். அந்த ‘யாரோ சிலர்’ பட்டியலில் தம் பெயர் வராதென்ற துணிவுதான் அப்பேச்சைத் தருகிறது!

கூலிக்கு நெய்பவனுக்கு இது புரியும். பாவும் அவனுடையதன்று, துணியும் அவனுடையதன்று; தறியும் கடனும் மின்கட்டணமும் மட்டுமே அவனுடையவை. 2022இன் தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் நின்றபோது, உழைப்பு இங்கே, ஊதியம் எங்கே என்றுதான் அவனும் கேட்டான். நிலம் கொடுத்துவிட்டு அதே நிலத்தில் ஒப்பந்தக் கூலியாய் நிற்பவன் கேட்பதும் அக்கேள்வியே. கடலூர்க்காரனுக்காகக் கொங்கு நாட்டான் ஏன் பேசவேண்டும் என்பவர்க்கு, மின்கம்பியைக் காட்டினால் போதும்.

2013இல் மத்திய அரசு இந்நிறுவனப் பங்குகளை விற்க முனைந்தபோது, தனியார்க்குப் போகாமல் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கின. ஆகவே இங்கே நாம் வெறும் பார்வையாளர் அல்லர்; பங்காளிகள். பங்காளியாக நின்று கேட்போம்: பயிர் நிற்கும் வயலில் எந்திரம் இறங்காதென்ற உறுதி எழுத்தில் வேண்டும். நிலமிழந்த வீட்டுக்கு நிரந்தர வேலை வேண்டும். கரி எடுத்து மண் மூடிய பரப்பில், உழத்தக்கதை உழவனுக்கே திருப்பித் தரும் திட்டம் வேண்டும். அடுத்த ஊரின் நிலத்துக்கு அறிவிக்கை வரும் முன்னரே இம்மூன்றுக்கும் விடை வந்தாக வேண்டும்.