ஒலிவாங்கியில் ஏறும் மின்சாரம்



சித்திரை பிறந்துவிட்டால் கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் ஒலிபெருக்கி ஓய்வதில்லை. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை, எங்கு சென்றாலும் ஏதேனும் ஒரு மாரியம்மன் கோயிலில் திருவிழா நடக்கும். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தோன்றிய தென்னமரம் தோட்டமும் இவ்வட்டாரத்தில்தான் உள்ளது. செம்பனை விளையும் மண்ணுக்குத் தென்னையின் பெயர்! அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது கோயில் மண்டபத்து மூலையிலும் பள்ளி மேடைக்கு அடியிலும் அமர்ந்திருக்கும் பெருக்கியைப் பற்றி. ஆம்ப்ளிஃபையர் என்றால்தான் நம்மவருக்கு விளங்கும். ஒலிவாங்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் நல்ல தமிழ்ப் பெயர் வைத்து நாவில் பழக்கிவிட்டோம். இவ்விரண்டுக்கும் இடையில் நின்று உழைக்கும் கருவிக்கு மட்டும் நிலைத்த பெயருமில்லை, உரிய கவனிப்புமில்லை. கொஞ்சம் விவரம் தெரிந்த பையன் ஒருவனிடம் அதை ஒப்படைத்துவிட்டு, நாம் பூசையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இது தவறு என்பதே என் கருத்து.

நம் நாட்டில் மூன்று முனை பிளக்கே வழக்கம். மேலே நீளமாக இருக்கும் முனை எர்த் எனப்படும் புவித்தொடர்புக்கு உரியது. இரண்டு முனை பிளக்கைச் செருக வேண்டுமானால், பென்சிலையோ திருப்புளியையோ மேல் துளைக்குள் விட்டு, உள்ளிருக்கும் மூடியைத் தள்ளித் திறப்பதை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்! பள்ளி மாணவர்களே இவ்வித்தையைக் கற்று வைத்துள்ளனர். இதைவிடக் கொடியது இன்னொரு பழக்கம். ஒலிபெருக்கியில் "ம்ம்ம்" என்று இரைச்சல் கேட்டால் எர்த் கம்பியைக் கழற்றிவிடுகிறார்கள். இரைச்சல் நின்றுவிடும், மெய்தான். ஆனால் அந்தக் கம்பி எதற்காக இருந்தது என்பதை எவரும் எண்ணுவதில்லை.

பெருக்கியின் உலோகக் கூடும், ஒலிவாங்கிக் கம்பியின் மேலுறை வலையும், ஒலிவாங்கியின் உலோக உடலும் ஒன்றோடொன்று இணைந்தவை. பெருக்கியின் உள்ளே ஒரு கம்பி தேய்ந்து கூட்டைத் தொட்டால், 230 வோல்ட் மின்சாரம் ஒலிவாங்கியை எட்டிவிடும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குள் இறங்கும், பியூஸ் எரிந்து கருவி அணையும். எர்த் இல்லையேல் ஒலிவாங்கியைப் பற்றியவரின் உடலே வழியாகும். 1972 மே 3ஆம் நாள் பிரிட்டனின் சுவான்சி நகரில், மேடையில் எர்த் சரியாக இல்லாத ஒலிவாங்கியைத் தொட்ட கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி உயிரிழந்தார். அவரோ தொழில்முறைக் கலைஞர். இனி, தீக்குழியைச் சுற்றி நீர் தெளித்த ஈர மண்ணில், வெறுங்காலோடு, மஞ்சள் நீரில் நனைந்த வேட்டியோடு ஒலிவாங்கியைப் பிடித்து நிற்கும் நம் பூசாரியை நினைத்துப் பாருங்கள்.

"பியூஸ் இருக்கிறதே" என்பார்கள். 13 ஆம்பியர் பியூஸ் கம்பியைக் காக்க வந்தது, மனிதனைக் காக்க அன்று. 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே இதயத்துக்கு ஆபத்து. அந்தப் பியூஸோ அதைப் போல் நானூறு மடங்குக்கு மேல் தாங்கும். ஆளைக் காப்பது கசிவு மின்சாரத்தை உணர்ந்து நொடிப் பொழுதுக்குள் துண்டிக்கும் கருவி. நம்மவர் அதை இ.எல்.சி.பி. என்பர். 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் கையில் பிடிக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவையும், ஈரத் தரையுள்ள இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் அளவையும் குறிக்கின்றன. நீட்டிப்புக் கம்பியில் செருகக்கூடிய சிறு துண்டிப்பான்களும் கடையில் கிடைக்கின்றன. வாணவேடிக்கைச் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமேயில்லை. ஜெனரேட்டரில் இயக்கினால் மட்டும் ஓர் எச்சரிக்கை: அதன் நியூட்ரல் எர்த்துடன் இணைக்கப்படாதிருந்தால் துண்டிப்பான் வேலை செய்யாமல் போகலாம். அதை மின்பணியாளரிடம் காட்டியே பொருத்த வேண்டும்.

இரைச்சலுக்கு மருந்து எர்த்தைக் கழற்றுவதன்று. மிக்சரையும் பெருக்கியையும் ஒரே மின்முனையிலிருந்து இயக்குங்கள். ஒலிவாங்கிக்கு மூன்று ஊசிக் கம்பியைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

கூம்பு ஒலிபெருக்கிகளில் இன்னொரு கணக்கு உண்டு. 120 வாட் பெருக்கியின் 100 வோல்ட் முனையில் 30 வாட் கூம்புகளை மூன்று வரை இணைக்கலாம். நான்காவது கணக்குக்குச் சரிதான், எனினும் மூச்சுவிட இடம் வைப்பதே முறை. பக்கத்துத் தோட்டத்தார் ஐந்து கட்டினர் என்று நாம் ஆறு கட்டினால் பெருக்கி கொதிக்கும். 8 ஓம் ஒலிபெருக்கிகளை இணையாகச் சேர்த்தாலும் இதே நிலைதான்: இரண்டு சேர்ந்தால் 4 ஓம், நான்கு சேர்ந்தால் 2 ஓம். பெருக்கியின் பின்புறத்தில் 4 ஓம் என்று எழுதியிருந்தால் அதற்குக் கீழே இறங்கக் கூடாது. கம்பிச் சுருளை உருளையிலேயே சுற்றியபடி பயன்படுத்துவதும் கூடாது. சுருளுக்குள் வெப்பம் தங்கி உறை உருகும். பெருக்கியின் மேல் பூத்தட்டு வைக்கும் பக்தி வேண்டாம். அதன் காற்றுத் துளைகள் அடைபடும்.

கூம்பு கட்டும் கம்பத்தை மின்கம்பிக்கு அருகில் நடுவோரும் உளர். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டதை நாம் மறந்திருக்கலாகாது.

செவியைப் பற்றியும் ஒரு சொல். 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகக் குறையும் என்பது ஒலிப் பாதுகாப்பில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 100 டெசிபலில் கால் மணி நேரம்தான்! கூம்பின் அடியில் குந்தியிருந்து கச்சான் தின்னும் பிள்ளைகள் அங்கு இரவெல்லாம் இருக்கிறார்கள். ஒலி எட்டவில்லையெனில் கூம்பை உயர்த்திக் கட்டுங்கள், திசையைத் திருப்புங்கள். குமிழைக் கடைசிவரை திருகுவது முதல் வழியன்று.

பள்ளிக்கு வருகிறேன். சபைகூடலுக்கு முன் பெருக்கியை இயக்கும் பொறுப்பை ஆறாம் ஆண்டு மாணவனுக்குக் கொடுப்பது நம் பள்ளிகளில் பெருமையாகக் கருதப்படுகிறது. நானும் கொடுத்திருக்கிறேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இப்போது பிளக்கைத் தொடுவது ஆசிரியர் வேலை என வைத்துள்ளேன். மாணவனுக்கு வரிசையைக் கற்பித்தேன்: முதலில் மிக்சர், கடைசியில் பெருக்கி. அணைக்கும்போது பெருக்கி முதலில். குமிழ் எப்போதும் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும். இடி கேட்டால் உடனே என்னை அழைக்க வேண்டும், நான் வந்து மின்முனையிலிருந்து கழற்றுவேன். அவன் இரண்டே நாளில் கற்றுக்கொண்டான். பெரியவர்களாகிய எங்களுக்குத்தான் நாளாயிற்று.

வரும் விளையாட்டுப் போட்டிக்குத் திடலில் பயன்படுத்த 30 மில்லி ஆம்பியர் துண்டிப்பான் ஒன்று வாங்கித் தருமாறு பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. கோப்பைகளுக்கு மட்டும் பணம் ஒதுக்கியாகிவிட்டது.