போட்டிக்குத் தேதி உண்டு, வாசிப்புக்கு?

2023 டிசம்பர் 26 அன்று குண்டூரில் ஆந்திர அரசின் ‘ஆடுதாம் ஆந்திரா’ விளையாட்டுத் தொடர் தொடங்கியது. கிரிக்கெட், கபடி, கோ-கோ, வாலிபால், பாட்மிண்டன் என ஐந்து ஆட்டங்கள். கிராம, வார்டு சச்சிவாலய அளவில் ஆரம்பித்து, பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் இறுதிப் போட்டிகளோடு முடிந்தது. செலவு 100 கோடி ரூபாயைத் தாண்டியது. ஊர் இளைஞர்கள் மைதானத்தில் இறங்கியது நல்ல காரியம்தான். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் ஆசிரியர்களாகிய நாம் இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏசர் (ASER) கல்வி ஆய்வின்படி, ஆந்திரத்தின் கிராமப்புறங்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் 22.6 சதவீதம், 2022-இல் 10.3 சதவீதம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தது பெரிய காரணம். அதே ஆண்டுகளில் ‘நாடு-நேடு’ திட்டத்தில் பள்ளிக் கட்டடங்கள் புதுப்பொலிவு பெற்றன. சுவர் தேறியது, வாசிப்பு தேறவில்லை.

சத்தியவேட்டுத் தமிழ்வழிப் பள்ளிகளில் சிக்கல் இரட்டிப்பு. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, சத்தியவேடு ஆந்திரத்துக்கு வந்தது. அன்றிலிருந்து இங்கே தமிழில் படிக்கும் பிள்ளை, தெலுங்கை மையமாக வைத்துத் தீட்டப்படும் திட்டங்களின் ஓரத்தில்தான் நிற்கிறது. மேலே சொன்னது மாநிலம் முழுமைக்குமான எண்; நம் பிள்ளைகளின் நிலையைத் தனியாக அது காட்டாது. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பில் பலர் பாடத்தைக் கடகடவென்று ‘வாசிப்பார்கள்’. நடுவரியில் விரலை வைத்து அங்கிருந்து படிக்கச் சொன்னால் குரல் நின்றுவிடும். கொ, கோ வரும் இடத்தில் கொம்பு, கால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாது. இத்தனை நாளும் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறார்கள்.

இதைச் சரிசெய்யப் பணம் இல்லை என்ற பதிலை ஏற்க முடியவில்லை. ரஷ்யாவிடமிருந்து கைமாறிய 2022 செஸ் ஒலிம்பியாடை, தமிழ்நாட்டு அரசு 92 கோடி ரூபாய் ஒதுக்கி, நான்கே மாதத்தில் மாமல்லபுரத்தில் நடத்திக் காட்டியது. போட்டிக்கு ஒரு தேதி உண்டு, பொறுப்பு அதிகாரி உண்டு. அதனால் கோப்பு நகர்கிறது. 2030 காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாதுக்கு வருகின்றன. 2036 ஒலிம்பிக்குக்கும் இந்தியா முயல்கிறது. சுற்றுலா பெருகும், வேலை பெருகும் என்று சொல்வார்கள். ஆனால் மான்ட்ரியல் 1976 ஒலிம்பிக்குக்குக் கட்டிய அரங்கின் கடன் 2006-இல்தான் தீர்ந்தது. மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு முப்பது வருட அவகாசம் கிடையாது. ஐந்தாம் வகுப்பில் கணக்குக் கேள்வியே புரியாமல் போகும்.

எனவே தேதியை நாமே குறிப்போம். இந்த மாதக் கடைசிக்குள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, பாடநூலில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கக் கேளுங்கள். எத்தனை பேர் தடையின்றி வாசித்தார்கள் என்ற எண்ணைப் பள்ளி நிர்வாகக் கமிட்டிக் கூட்டத்தில் பெற்றோர் முன் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். காலியாகக் கிடக்கும் தமிழ் ஆசிரியர் பணியிடம் இருந்தால் அதையும் அதே பக்கத்தில் எழுதி, மண்டலக் கல்வி அலுவலருக்கு நகல் அனுப்புங்கள்.